மரக்கால் யார் கையில்?

முதலாளிமார் அகராதியில் ஒரு புது வார்த்தை ஏறியிருக்கிறது. “இலக்கு நிர்ணயம்” என்பது அதன் பெயர். வேலை வாங்குகிறோம் என்று இனிச் சொல்லக் கூடாதாம். வேலைப்பளுவை ஏற்றுகிறோம் என்றும் சொல்லக் கூடாதாம். முதலாளி, மானேஜர், மேஸ்திரி, தொழிலாளி எல்லோரும் ஒரே குடும்பமாக உட்கார்ந்து ஓர் இலக்கு வைத்துக்கொள்கிறார்களாம். அதை நோக்கி எல்லோரும் கைகோத்து நடக்கிறார்களாம். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தக் குடும்பத்தில் இலக்கை வைப்பவர் யார்? அதை அளப்பவர் யார்? எட்டவில்லை என்றால் கூலியைப் பிடிப்பவர் யார்? எட்டியபின் லாபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் யார்? பதில் வந்துவிட்டால், அது குடும்பமா, பண்ணையா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பழைய பண்ணையார் வீட்டில் இரண்டு மரக்கால் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கூலி அளக்கச் சிறிய மரக்கால். வாரம் அளந்து வாங்கப் பெரிய மரக்கால். நெல் ஒன்றுதான், அளக்கிற கையும் ஒன்றுதான். கூலிக்காரன் கணக்குத் தெரியாதவன் அல்ல. மரக்கால் அவன் கையில் இல்லை, அவ்வளவுதான்.

பழைய கள், புது மொந்தை

இந்த “இலக்கு” எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்று ஓர் இன்ஜினீயர் இருந்தார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தவர் அவர். 1911-ல் அவர் எழுதிய புத்தகத்தில், பெத்லகேம் இரும்பு ஆலையில் நடந்த ஒரு காரியத்தைப் பெருமையோடு சொல்கிறார். நாள் ஒன்றுக்கு 12½ டன் இரும்பு சுமந்த தொழிலாளியை 47½ டன் சுமக்க வைத்தாராம். கூலி? 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆனதாம். சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இதற்கு அவர் வைத்த பெயர் “விஞ்ஞான நிர்வாகம்”!

கடிகாரத்தைக் கண்டாலே தொழிலாளி எரிச்சலடைந்தான், வேலைநிறுத்தங்கள் வெடித்தன. ஆகவே மொந்தையை மாற்ற வேண்டியதாயிற்று. 1954-ல் பீட்டர் டிரக்கர் என்பவர், குறிக்கோள் வைத்து நிர்வாகம் செய்வது என்ற முறையை எழுதினார். 1970-களில் இன்டெல் கம்பெனியில் ஆண்ட்ரூ குரோவ் அதைச் சீர்செய்தார். அவரிடம் வேலை பார்த்த ஜான் டோயர் என்ற பணமுதலீட்டாளர் 1999-ல் அதைக் கூகுள் கம்பெனிக்குக் கொண்டுபோனார். ஓ.கே.ஆர். என்ற மூன்றெழுத்துப் பெயரோடு இன்று அது உலகமெங்கும் விற்பனையாகிறது. அதன் சாரம் எளிமையானது. என்ன சாதிக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். அதைச் சாதித்தோமா என்று அளந்து பார்க்க மூன்று, நான்கு எண்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது.

இந்த முறையை ஒரு ஸ்தாபனத்தில் புகுத்த வேண்டுமானால் இன்னின்ன ஆட்கள் வேண்டும் என்று பட்டியலும் தருகிறார்கள். மேலே இருந்து ஆசீர்வதிக்க ஒரு பெரிய அதிகாரி. திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல ஒரு முன்னோடி. பாடம் நடத்த ஒரு பயிற்சியாளர். எண்களைத் திரட்ட மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குழுத் தலைவர். ஆக ஐந்து உத்தியோகங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தோம். கீழிருந்து மேலாகவும் படித்தோம். ரிங் பிரேமில் சைடு பார்க்கிற பெண்ணுக்கு அதில் ஓர் உத்தியோகமும் இல்லை. அவளுக்கு உள்ளது ஒரே ஒரு வேலை: இலக்கை எட்டுவது!

ஹாங்க் மீட்டருக்குத் தெரியாதது

அந்த ஐந்து பேரில் ஒருவர் ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்து நூற்பாலை வாசலில் இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி. இலக்கு என்னவோ ஆலைக்குள் எப்போதோ வந்துவிட்டது. ஷிப்டுக்கு இத்தனை கிலோ, ஆளுக்கு இத்தனை சைடு, இத்தனை கதிர் என்பதெல்லாம் வேறென்ன?

பிரேமின் தலைமாட்டில் ஹாங்க் மீட்டர் ஓடுகிறது. எவ்வளவு நூல் இழுத்தது என்று அது சொல்லும். ஆனால் இழை ஏன் அறுந்தது என்று அது சொல்லாது. குட்டை இழைப் பஞ்சை மிக்ஸிங்கில் கூட்டினால் இழை அறும். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் அறும். கதிரின் வேகத்தை ஏற்றினால் அறும். தேய்ந்த டிராவலரைக் காலத்தில் மாற்றாவிட்டால் அறும். அறுந்த ஒவ்வோர் இழைக்கும் அந்தப் பெண் ஓட வேண்டும், குனிய வேண்டும், ஒட்ட வேண்டும். மலிவுப் பஞ்சு வாங்கியதில் மிச்சமான பணம் முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. அதனால் வந்த ஓட்டம் அவள் காலுக்குப் போகிறது. ஷிப்டு முடிவில் மீட்டரில் எண் குறைந்தால் “இலக்கை எட்டவில்லை” என்று அவள் பெயரில் எழுதுகிறார்கள். பஞ்சு வாங்கியவர் பெயரில் யாரும் எழுதுவதில்லை!

கோயம்புத்தூரில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நூற்பாலைகளுக்கு உற்பத்தி அளவுகளை வகுத்துத் தருகிறது. 100 கிலோ நூலுக்கு எத்தனை மணி நேர மனித உழைப்பு என்று ஒரு கணக்கு உண்டு. 100 கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை இழை அறுகிறது என்றும் கணக்கு உண்டு. இந்த இரண்டும் ஒன்றையொன்று கைப்பிடித்து நடக்க வேண்டியவை. இழை அறுவது கூடினால் ஆள் கணக்கும் கூட வேண்டும். இல்லையேல் சைடு குறைய வேண்டும். ஆனால் நிர்வாகம் முதல் கணக்கைச் சுவரில் ஒட்டும்; இரண்டாவது கணக்கை மேஜை டிராயரில் பூட்டும்.

இதை யார் எடுத்துச் சொல்ல முடியும்? பெரிய அதிகாரிக்குத் தெரியாது. பயிற்சியாளர் பிரேமைத் தொட்டதில்லை. இழை எங்கே, எப்போது, எதனால் அறுகிறது என்று முதலில் தெரிவது சைடு பார்க்கிறவளுக்கு. அவளுக்கு நாற்காலி போடாத மேஜையில் வைக்கிற இலக்கு, குருடன் எறிந்த கல்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம்

ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் நேர்வதல்ல இது. கம்பம், கூடலூர், போடியிலிருந்து தினமும் விடியலில் ஜீப்பேறி மலைக்கு ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் நமது சகோதரிகளுக்கு மூணாறு தூரம் அல்ல. போடிமெட்டு ஏறி இறங்கினால் தேயிலைக் காடு. அங்கே 2015-ல் நடந்ததை ஒவ்வொரு தொழிலாளியும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள், பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், மூணாறு வீதியில் வந்து உட்கார்ந்தார்கள். “பெம்பிளை ஒருமை” என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 20 சதவிகித போனஸ் கேட்டார்கள். சங்கத் தலைவர்கள் எவரையும், எந்தக் கொடியாயிருந்தாலும், தங்கள் நடுவில் வந்து பேச விடவில்லை. கொழுந்து கிள்ளுகிறவள் எங்களில் ஒருத்தி. பேசுகிறவளும் எங்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது.

அடுத்த மாதம் கூலிப் பேச்சு. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கு என்றார்கள் பெண்கள். 301 என்று முடிவாயிற்று. ஆனால் அந்த முடிவோடு இன்னோர் எண்ணும் சேர்ந்து வந்தது. நாளொன்றுக்குக் கிள்ள வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆயிற்று!

தோழர்களே, கொஞ்சம் கணக்குப் போடுவோம். 232 ரூபாய் 301 ஆனால் நூற்றுக்கு முப்பது உயர்வு. மேலே பார்த்தால் நல்ல உயர்வுதான். 232-ஐ 21-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு. 301-ஐ 25-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 12 ரூபாய் 4 காசு. ஆக, கிலோவுக்கு ஏறியது ஒரு ரூபாய்கூட இல்லை, நூற்றுக்கு ஒன்பது! வலது கையால் கொடுத்ததில் பெரும்பகுதியை இடது கையால் இலக்கு வாங்கிக்கொண்டது.

கூலியைப் பற்றி மட்டும் பேசி, அளவைப் பற்றிப் பேசாமல் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எழுதிய சட்டமும் நடந்த கதையும்

இலக்கு என்றாலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்ல இலக்கும் உண்டு. உழைப்பாளி மக்கள் போராடி வாங்கிய இலக்கும் உண்டு. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் அப்படிப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்பது அதன் இலக்கு. 2008 ஏப்ரலில் தேனி மாவட்டத்துக்கும் அது வந்தது.

அந்தச் சட்டத்தின் சிறப்பு, 100 என்ற எண்ணில் மட்டும் இல்லை. யாருக்கு என்ன பொறுப்பு என்று அது பிரித்து எழுதியது. என்ன வேலை செய்வது என்று தீர்மானிக்கக் கிராம சபை. நடத்தி வைக்க ஊராட்சி. ஒன்றியத்தில் பதில் சொல்ல ஓர் அதிகாரி. வருகையை எழுதப் பணித்தளப் பொறுப்பாளர். வெட்டிய மண்ணை அளக்க ஓவர்சீயர். எல்லாவற்றையும் சோதிக்க மறுபடியும் கிராம சபை. அதற்குச் சமூகத் தணிக்கை என்று பெயர். அதாவது இலக்கு வைக்கிற இடத்திலும் உழைக்கிறவர் இருந்தார். கணக்குக் கேட்கிற இடத்திலும் உழைக்கிறவர் இருந்தார். அந்தப் பயிற்சியாளர்களின் ஐந்து பேர் பட்டியலைவிட இந்தப் பட்டியல் எவ்வளவு நேர்மையானது!

ஆனால் நடந்தது என்ன? கிராம சபை பல ஊர்களில் கையெழுத்துச் சடங்காயிற்று. ஓவர்சீயரின் டேப் மட்டும் சடங்காகவில்லை. ஏழு மணி நேரம் உழைத்தவர் முழுக் கூலி பெறும்படி அளவை வகுக்க வேண்டும் என்றுதான் 2005-ல் எழுதினார்கள். சித்திரை வெயிலில் பாறையாக இறுகிய கண்மாய் மண்ணும், மழைக்குப்பின் இளகிய மண்ணும் ஒன்றா? அறுபது வயது பாட்டியும் இருபது வயது இளவட்டமும் ஒரே குழியை வெட்ட முடியுமா? டேப்புக்கு இது தெரியாது. அளவு குறைந்தது, கூலி குறைந்தது. பிறகு செல்போனில் காலையும் மாலையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்று வந்தது. 2023 ஜனவரி முதல் அது கட்டாயமாயிற்று. சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில் உழைத்தவரின் நாள், சிக்னல் இல்லாத குற்றத்துக்காகத் தொங்கலில் நின்றது.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 100 நாள் என்பது 125 நாள் என்று ஏறியது. எண் பெருத்துவிட்டதே என்று மகிழலாமா? மாநிலத்துக்கு இவ்வளவுதான் பணம் என்று மேலே இருந்தே வரம்பு கட்டுகிற விதியும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. இலக்கைப் பெரிதாக எழுதி, எட்டுவதற்கான ஏணியைக் குட்டையாக வெட்டினால் அந்த இலக்கு யாருக்கு?

அவர்களுடைய குருமார் சொன்னது

நாம் சொன்னால் “யூனியன்காரன் பேச்சு” என்று தள்ளுவார்கள். சரி, அவர்களுடைய குருமார் பேச்சையே எடுத்துக்கொள்வோம்.

குறிக்கோளோடு கூடவே சுயக் கட்டுப்பாடும் வேண்டும் என்றார் டிரக்கர். அவரவர் வேலையை அவரவரே அளந்து திருத்திக்கொள்ளும்படி அளவுக் கணக்கு அவரவர் கைக்கு வர வேண்டும் என்பது அதன் பொருள். இது ஓட்டக்காரன் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கடிகாரம் போன்றது. இதை வைத்து மட்டும் ஆளை எடை போடக் கூடாது என்றார் குரோவ். சம்பளத்தையும் போனஸையும் இந்த எண்களோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றார் டோயர். ஜப்பான் ஆலைகளுக்குத் தரம் கற்றுக்கொடுத்த எட்வர்ட்ஸ் டெமிங் ஒருபடி மேலே போனார். தொழிற்கூடத்தில் எண்ணிக்கை இலக்கையே ஒழித்துக்கட்டு என்று 1986-ல் எழுதினார். கோளாறில் பெரும்பகுதி நிர்வாகம் அமைத்த முறையில் இருக்கிறது, தொழிலாளியிடம் இல்லை என்பது அவர் வாதம்.

நமது முதலாளிமார் இந்தப் புத்தகங்களில் சாட்டையைப் பற்றிய பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்!

மேலிருந்து விழுகிற இலக்கு என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்ற பெரிய பாங்கு, ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்கு, கார்டு, கடன் என்று கட்டு என இலக்கு வைத்தது. ஊழியர்கள் என்ன செய்வார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சுமார் 20 லட்சம் கணக்குகள் முளைத்தன. 2016-ல் குட்டு உடைந்தது. அதற்குள் 5,300 ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். இலக்கு வைத்த பெரிய மனிதர்கள் கோடிக்கணக்கான டாலரோடு ஓய்வு பெற்றார்கள். நம் நாட்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டில் தலைக்கு இத்தனை “கேஸ்” என்று இலக்கு வைத்தார்கள். 1976-ல் நெருக்கடி நிலையின்போது அது ஏழைகளை வேட்டையாடியது. ஊருக்கு வந்த நர்ஸம்மாவும் அந்த எண்ணுக்குப் பயந்தே வாழ்ந்தார். 1996-ல் சர்க்காரே இலக்கு முறையைக் கைவிட்டது. இருபது ஆண்டு ஆயிற்று, அந்தப் பாடம் படிக்க!

நாம் கேட்பது என்ன?

நாம் கேட்பது புதுமையும் அல்ல, அதிகமும் அல்ல. 1957 ஜூலையில் டில்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து, ஆலைகளில் வேலைமுறையை மாற்றுவதற்கு நிபந்தனைகள் வகுத்தன. ஆட்குறைப்பு இருக்கக் கூடாது. சம்பாத்தியம் குறையக் கூடாது. கிடைக்கிற லாபத்தில் தொழிலாளிக்கு நியாயமான பங்கு வேண்டும். வேலைப்பளுவை அளக்கிற நிபுணர் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆளாக இருக்க வேண்டும். வேலைச் சூழ்நிலையும் சீர்பட வேண்டும். முதலாளிமார் கையெழுத்தும் அதில் உண்டு. அதை இன்று மறந்துபோனார்கள். நாம் ஏன் மறக்க வேண்டும்?

ஆகவே ஆலையானாலும், தோட்டமானாலும், கண்மாய்க் கரையானாலும், ஐந்து உத்தியோகங்களை நாமும் எழுதி வைக்கிறோம்.

முதலாவது, இலக்கு வைப்பவர். அந்த மேஜையில் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இருக்க வேண்டும். பெண்கள் உழைக்கிற இடத்தில் அந்தப் பிரதிநிதி பெண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அளப்பவர். ஹாங்க் மீட்டரானாலும், தராசானாலும், டேப்பானாலும் அளக்கும்போது தொழிலாளர் தரப்பில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எழுதிய எண் உழைத்தவருக்கும் அன்றே தெரிய வேண்டும்.

மூன்றாவது, தடையை நீக்குபவர். கெட்ட பஞ்சு, தேய்ந்த டிராவலர், இறுகிய மண் என்று புகார் வந்தால் இத்தனை நாளில் தீர்ப்பது என் பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் வேண்டும். அவர் தீர்க்காத நாளுக்கு இலக்கும் இல்லை, பிடித்தமும் இல்லை.

நான்காவது, விளக்கிச் சொல்பவர். கணக்கைத் தமிழில், தொழிலாளிக்குப் புரியும்படி, வேலை நேரத்திலேயே சொல்ல வேண்டும்; ஷிப்டு முடிந்தபின் வீட்டுக்குப் போகிறவளை நிறுத்தி வைத்தல்ல.

ஐந்தாவது, தீர்ப்புச் சொல்பவர். எட்டவில்லை என்று கூலியில் கை வைக்கும் அதிகாரம் மேஸ்திரிக்கு இருக்கக் கூடாது. இரு தரப்பும் சமமாக உட்காரும் கமிட்டியில் அது முடிவாக வேண்டும். 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் வேலைக் கமிட்டி அமைக்க உத்தரவிடும் அதிகாரம் 1947-ம் ஆண்டுச் சட்டத்திலேயே சர்க்காருக்கு இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எத்தனையோ உரிமைகளை வெட்டியிருந்தாலும், அந்தக் கமிட்டியை நீக்கவில்லை. இருக்கிற வாசலையாவது தட்டுவோம்.

நமது வீட்டிலும் விளக்கு வேண்டும்

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. முதலாளியிடம் கேட்கிற ஜனநாயகம் சங்கத்துக்குள்ளும் வேண்டும். கோரிக்கை என்ன, எத்தனை மாதத்தில், எந்த எண்ணுக்குக் கீழே இறங்குவதில்லை என்பதை உறுப்பினர் கூட்டம் தீர்மானிக்க வேண்டும். பேச்சு வார்த்தைக்குப் போகிறவர் ஒருவர், கணக்கு வைக்கிறவர் ஒருவர், ஒவ்வொரு டிபார்ட்மென்டிலிருந்தும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் செய்தி கொண்டுவருகிறவர் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். 21 கிலோ 25 ஆகிறதா என்று கேட்க ஒரு பெண் அங்கே எழுந்து நிற்பாள். மூணாறு எல்லாச் சங்கங்களுக்கும் சொன்ன பாடம் அதுதான்.

நூல் இழுப்பது நமது கை. கொழுந்து கிள்ளுவது நமது கை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்றைப் பதிப்பது நமது கை. மரக்கால் மட்டும் அடுத்தவர் கையில் இருப்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை ஆலை வாசலில் கேட்போம். ஜீப் நிற்கும் இடத்தில் கேட்போம். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேட்போம். அளக்கிற இடத்தில் நமக்கும் ஓர் இடம் கிடைக்கும்வரை எந்தப் புது இலக்கிலும் கைநாட்டோ கையெழுத்தோ போடுவதில்லை என்று ஒன்றாக நின்று சொல்வோம்!